முற்றத்தைத் தாண்டிய தொட்டில் கயிறு

1

ஈப்போவிலிருந்து வேடிக்கையாக ஏதாவது எழுதி அனுப்பச் சொல்லி ஊர்க்காரர்கள் கேட்டிருக்கிறார்கள். வேடிக்கைக்கு இங்கே குறைச்சல் இல்லை. முள்ளுமுள்ளாக ஒரு பழம் இருக்கிறது. தெருக்கோடியில் அறுத்தால் வீட்டுக்குள் இருப்பவர்கள் மூக்கைப் பொத்த வேண்டும். அதைப் போட்டிபோட்டு வாங்கித் தின்கிறார்கள். என் வீட்டுக்காரரும் இப்போது அந்தக் கட்சியில் சேர்ந்துவிட்டார். மத்தியானம் சாய்ந்தால் போதும், தினமும் மழை கொட்டுகிறது. நம் பக்கம் மாதிரி மேகமலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

இதையெல்லாம் எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் போன வாரம் இங்கே ஒரு துட்டி வீட்டில் நடந்தது நெஞ்சைவிட்டு இறங்க மாட்டேன் என்கிறது. அதை இறக்கி வைக்காமல் வேறெதையும் எழுத எனக்கு ஓடவில்லை. சாவு வீட்டுக் கதையை வாசிக்க மனமில்லாதவர்கள் பழத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

நான் கம்பத்துக்குப் பக்கம் காமயகவுண்டன்பட்டிப் பெண். என் வீட்டுக்காரர் இங்கே ரயில்வேயில் கிராணி. நம் ஊர்ப் பேச்சில் குமாஸ்தா. எங்களுக்கு ஒரே மகள், வடிவு. பன்னிரண்டு வயது நடக்கிறது. அவள் என் வயிற்றில் பிறந்தவள் இல்லை, என் தங்கை காமாட்சி பெற்றவள். காமாட்சி போன பிறகு கைக்குழந்தையாகக் கப்பலில் கொண்டுவந்தேன். இது வடிவுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்தே தெரியும். ஆனாலும் என்னைத்தான் அம்மா என்று கூப்பிடுவாள்.

ரயில்வே குடியிருப்பில் நம் தமிழ்க்காரப் பெரியவர் ஒருவர் தவறிவிட்டார். வடிவையும் கூட்டிக்கொண்டு துட்டி கேட்கப் போனேன். நம் ஊரில் எப்படியோ அப்படித்தான் இங்கேயும். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் கழுத்தில் ஒருவர் கை போட்டு, முகத்தோடு முகம் வைத்துக் கட்டி அழுதார்கள். நானும் போய் வட்டத்தில் உட்கார்ந்துவிட்டேன். வடிவுக்கு இரண்டு நாளாகச் சளி. அவள் வாசல் பக்கமே நின்று, கைக்குட்டையை மூக்கில் வைத்தபடி தலையை மட்டும் தாழ்த்திக் கும்பிட்டாள். இறந்தவரின் மகள் கையை விரித்துக்கொண்டு போனபோது பிள்ளை ஒரு எட்டுப் பின்னால் நகர்ந்து, "சளி இருக்கு ஆன்ட்டி, மிஸ்ஸி கிட்டப் போகக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க" என்றாள். பள்ளிக்கூடத்துக்கு வரும் நர்ஸம்மாவை இங்கே மிஸ்ஸி என்பார்கள்.

வட்டத்தில் மாயக்காளும் இருந்தாள். நம் ஊர்தான். மகனோடு இருக்கச் சமீபத்தில்தான் கப்பலேறி வந்தவள். அழுகையை அப்படியே நிறுத்திவிட்டு வடிவை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏத்தா, இது காமாச்சி மகதான? கேக்கவா வேணும். அப்பிடியே அவ ஆத்தா. கட்டின புருசன் செத்ததுக்கே ஒருத்தி கழுத்தக் கட்டி அழுகாதவ. பெத்த பிள்ளையக் கையால தொடாத கல்நெஞ்சுக்காரி. அது வயித்துல வந்தது வேற எப்பிடி இருக்கும்?"

சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து அழுகையைத் தொடர்ந்தாள். வாசலில் நின்ற வடிவின் முகத்தை நான் பார்த்தேன். அவளுக்கு ஒரு சொல் பாக்கியில்லாமல் கேட்டுவிட்டது.

2

பிள்ளைகள் இங்கே வளர்கிற விதம் வேறு. வடிவு இங்கிலீஷில்தான் கணக்குப் போடுவாள். மழை வந்தால் மலாயில் கத்துவாள். நான் "அப்பா வந்தாக" என்றால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். "வந்தாங்கன்னு சொல்லும்மா" என்று எனக்கே பாடம் நடத்துவாள். கம்பம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் தேசப்படத்தில் மெட்ராஸுக்குப் பக்கத்தில் விரல் வைப்பாள். காமயகவுண்டன்பட்டி என்று ஒரே மூச்சில் சொல்ல அவளுக்கு வராது. ஆனால் அந்த ஊர் அவளைப் பற்றி என்ன நினைக்கிறது என்பது கடல் தாண்டி வந்து அவள் காதில் விழுந்துவிட்டது.

மூன்று நாள் கழித்து, ஒரு சாயங்காலம் பள்ளிக்கூடத்துக் கேன்வாஸ் ஜோட்டுக்கு வெள்ளை பூசிக்கொண்டிருந்தவள், ஜோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்:

"எங்க அம்மா என்னைத் தூக்கினதே இல்லியா?"

எங்க அம்மா என்றாள். இந்த வீட்டில் அந்தச் சொல் என்னைத் தவிர வேறொருத்தியைக் குறித்தது அதுதான் முதல் தடவை. "ஜோட்டக் காயப்போடு, சொல்றேன்" என்றேன்.

சொல்லத்தான் வேண்டும். வடிவுக்கு மட்டுமில்லை, உங்களுக்கும். காமாட்சியை நீங்கள் எல்லாரும் பார்த்திருக்கிறீர்கள். ஒருவருக்கும் அவளைத் தெரியவில்லை.

3

காமாட்சி புருஷன் மேகமலையில் ஏலக்காய்த் தோட்டத்து மேஸ்திரி. தங்கமான மனுஷன். மலையில் தோட்டத்து ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிவிட்டிருக்கிற லயத்து வீடு எப்படி இருக்கும் என்று போனவர்களுக்குத் தெரியும். குளிருக்குப் பயந்து ஜன்னல் இருந்தால் சாக்கு வைத்து அடைப்பார்கள், இல்லாவிட்டால் அந்தக் கவலையும் இல்லை. ஒரே அறையில் அடுப்புப் புகை, ஈரக் கம்பளி, வரிசையாகப் படுத்திருக்கிற ஆட்கள். அதில் ஒருவர் இருமினால் எல்லாரும் இருமுவார்கள். அவரும் இருமிக்கொண்டே மலையிறங்கினார்.

"மலைக்குளுரு நெஞ்சுல கட்டிக்கிருச்சு" என்றார்கள். கஷாயம் வைத்துக் கொடுத்தார்கள். பூசாரியைக் கூட்டிவந்து திருநீறு ஊதினார்கள். காற்று ஆகாது என்று கதவைச் சாத்திப் போட்டார்கள். மலையில் எந்தக் காற்று அவரைக் கெடுத்ததோ அதையே வீட்டுக்குள்ளும் செய்து கொடுத்தார்கள். எலும்புருக்கி என்ற சொல்லை யாரும் வாயில் எடுக்கவில்லை. எடுத்தால் அந்த வீட்டில் நாளைக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள், எடுக்க மாட்டார்கள்.

காமாட்சி அப்போது மாசமாக இருந்தாள். நம் வழக்கப்படி புருஷன் சாப்பிட்டு எழுந்த இலையில்தான் அவள் உட்கார்ந்து சாப்பிடுவாள். அவர் இருமி இருமிப் பாதிச் சோற்றை வைத்துவிட்டு எழுந்திருப்பார். அந்தப் பாதியையும் வீணாக்காமல் இவள் சாப்பிட்டாள். வேறு இலை போட்டால் புருஷனை அருவருக்கிறாள் என்று சொல்லிவிடுவார்களே. அன்பாக நடந்துகொண்டதற்கு இப்படியா ஒரு கூலி?

பிள்ளை பிறந்த பிறகு வீரபாண்டித் திருவிழா வந்தது. எங்கள் அண்ணன் பெண்டாட்டி, அதாவது எங்கள் மதினி, அவளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தார். அங்கே சுகாதார இலாகாக்காரர்கள் வேட்டியைத் திரையாகக் கட்டி மாஜிக் லாந்தர் காட்டினார்களாம். பொழுது இறங்குகிற நேரம். மதினி எனக்குச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"படத்துல ஒரு ஆளு வாயத் தொறந்து இருமுறான். வாயில இருந்து பொட்டுப் பொட்டா வெள்ளையாப் பறக்குது. நம்ம சனம் அதப் பாத்துட்டு, சாமியாடி துன்னூறு ஊதுறாகன்னு கையெடுத்துக் கும்புட்டுருச்சு. குலவை வேற போட்டாக. பாவம், அந்த இனிஸ்பெக்டரு தலையில அடிச்சுக்கிட்டு, 'ஆத்தா, அது துன்னூறு இல்ல, சீக்கு, சீக்கு'ன்னு கத்துறாரு. ஒருத்தரும் கேக்கல. எனக்குமே சிரிப்பா வந்துச்சு. திரும்பிப் பாத்தா காமாச்சி அழுதுக்கிட்டு நிக்கிறா."

அத்தனை கூட்டத்தில் அந்தப் படம் என்ன சொல்கிறது என்று அவள் ஒருத்திக்குத்தான் உறைத்தது. ஏனென்றால் அவள் ஏற்கெனவே இரண்டு மாதமாக இருமிக்கொண்டிருந்தாள். யாருக்கும் கேட்காமல் அடுப்படியில் போய் இருமினாள்.

மறுநாளே கம்பத்துத் தர்மாஸ்பத்திரிக்குத் தனியாகப் போய் நெஞ்சைக் காட்டினாள். டாக்டர் ஒளிவு மறைவு இல்லாமல் சொல்லிவிட்டாராம். "உன்னையும் உன் வீட்டுக்காரரையும் பத்தி என்னால உறுதி சொல்ல முடியாதும்மா. பிள்ளைக்கு இன்னும் ஒண்ணுமில்ல. உன் மூச்சு அது மேல படாம இருந்தா அது பிழைக்கும்." அன்றைக்கு வீடு திரும்பியவள் தாய்ப்பால் கொடுப்பதை நிறுத்தினாள். மதினிக்கும் அப்போது கைப்பிள்ளை. "மதினி, என் பிள்ளைக்கும் சேத்து ஊட்டுங்க" என்று காலைப் பிடித்திருக்கிறாள். மதினி ஒரு வார்த்தை மறுக்கவில்லை. வாயாடிதான், ஆனால் அந்த மடிக்கு நான் ஏழு பிறவி கடன்பட்டிருக்கிறேன்.

4

புருஷன் இறந்தார். ஊரே துட்டிக்கு வந்தது. இந்த இடத்தில்தான் அவளுக்கு அந்தப் பெயர் விழுந்தது.

தாலி அறுத்தவள் நடுவில் உட்கார வேண்டும். வருகிற பெண்கள் ஒவ்வொருவராக அவள் கழுத்தைக் கட்டி அழ வேண்டும். கட்டாமல் வந்தால் பகை என்று அர்த்தம், கட்டவிடாமல் செய்தால் அதைவிடப் பகை. காமாட்சி முற்றத்து மூலையில் போய் உட்கார்ந்துகொண்டாள். சேலைத் தலைப்பால் வாயை மூடி, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். யார் வந்தாலும் கையை நீட்டித் தடுத்தாள். "கட்டாதீக ஆத்தா. எனக்கும் அந்தச் சீக்கு இருக்கு. உங்க வீட்டுல பிள்ளைக இருக்கு." இதையே திரும்பத் திரும்பச் சொன்னாளாம்.

ஊர் அதை எப்படி எடுத்துக்கொண்டது? முகம் கொடுக்க மாட்டேன் என்கிறாள், புருஷன் செத்ததுக்குக் கண்ணீர் இல்லை, சீக்கு கீக்கு என்று சாக்குச் சொல்கிறாள். மாயக்காள் அன்றைக்கு மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனாளாம். அதே மாயக்காள் இப்போது என் மகளைப் பார்த்து அதையே சொல்கிறாள். அவளுக்கு அன்றைக்குப் பத்து வயதுப் பிள்ளையாக இருந்தவன்தான் இப்போது ஈப்போவில் நெஞ்சு விரிந்து நிற்கிற அவள் மகன். யாருடைய தயவில் அவன் அப்படி நிற்கிறான் என்று எனக்குத் தெரியாது. கடவுளுக்குத் தெரிந்திருக்கலாம்.

காரியம் முடிந்ததும் காமாட்சி தன் பாயைச் சுருட்டிக்கொண்டு அண்ணன் வீட்டு மாட்டுத்தொழுவுக்குக் குடிபோனாள். வீட்டுக்கு எதிரே, முற்றத்துக்கு அந்தப்புறம். மூன்று பக்கம் திறந்து கிடக்கும். மாடுகளை அண்ணன் களத்துக்கு மாற்றினார். "நாத்தனாளத் தொழுவுல கட்டிப் போட்டுட்டா" என்று ஊர் மதினியை ஏசியது. மதினி போய்க் கெஞ்சினார், அழுதார். இவள் அசையவில்லை.

செய்தி கேட்டு நான் கப்பலேறி வந்து, வண்டி பிடித்து, ஊர் போய்ச் சேர்ந்தேன். முற்றத்தில் கால் வைத்ததும் தொழுவில் அவளைப் பார்த்தேன். என் தங்கை நல்ல வாட்டசாட்டமானவள். பாயில் ஒரு சேலை மட்டும் கிடப்பது போலக் கிடந்தாள். "காமாச்சி" என்று ஓடினேன்.

"அக்கா, அங்கனயே நில்லு. கிட்ட வராத."

நின்றுவிட்டேன். சமுத்திரம் தாண்டி வந்தவளால் முற்றத்தைத் தாண்ட முடியவில்லை.

"நீ நல்லாருக்கியாக்கா?" என்றாள், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு. அவள் என்னோடு கடைசிவரை அப்படித்தான் பேசினாள். பேசும்போது அவள் முகத்தை நான் ஒரு தடவைகூட நேராகப் பார்க்கவில்லை.

5

அவள் வைத்திருந்த ஒழுங்கை இங்கே உள்ள ஆஸ்பத்திரியில்கூட நான் பார்க்கவில்லை. கொட்டாங்கச்சியில் சாம்பல் போட்டு அதில்தான் துப்புவாள். அதைத் தானே அள்ளி நெருப்பில் போடுவாள். இன்னொருவர் கை அதில் படவிட மாட்டாள். தனி டம்ளர், தனித் தட்டு, கொதிக்கிற தண்ணீரில் தானே முக்கி எடுப்பாள். சேலையையும் பாயையும் வெயிலில் போடுவாள். மாட்டுத்தொழுவில் காற்று வந்ததால்தான் அவள் அத்தனை நாள் தாங்கினாள் என்று கம்பத்து டாக்டரே சொன்னார்.

ஊரில் மற்றவர்கள் வழக்கம்போல வாசலில் துப்பினார்கள், சுவரில் துப்பினார்கள், சாவடியில் ஒரே பீடியை நாலு பேர் இழுத்தார்கள். அவளைத்தான் சுத்தம் கெட்டவள் மாதிரிப் பார்த்தார்கள்.

இதெல்லாம் சரிதான். பிள்ளை அழுதால் என்ன செய்வாள்?

தாழ்வாரத்து உத்திரத்தில் சேலையால் தொட்டில் கட்டியிருந்தது. முற்றத்தின் இந்தக் கரையில் தொட்டில், அந்தக் கரையில் அவள். மதினிக்கு இரண்டு கைப்பிள்ளைகள், அடுப்படி வேலை, வயலுக்குச் சோறு கொண்டுபோகிற வேலை. தொட்டிலில் வடிவு வீறிட்டு அழும்போது காமாட்சி தொழுவுக் கல்தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பாளாம்; ஒரு எட்டு வைப்பாளாம்; திரும்பவும் உட்கார்ந்துகொள்வாளாம். நான் வருவதற்கு முன்னால் அப்படியே கொஞ்ச நாள் போயிருக்கிறது.

பிறகு ஒரு நாள் மதினியிடம் பழைய கிணற்றுக் கயிற்றைக் கேட்டாள். அதன் ஒரு நுனியைத் தொட்டிலில் கட்டச் சொன்னாள். மறு நுனியை முற்றத்தின் குறுக்கே தரையோடு விட்டுத் தொழுவுக்குக் கொண்டுவரச் செய்தாள். அங்கே படுத்துக்கொண்டே இழுப்பாள். மெதுவாக விடுவாள். இழுப்பாள், விடுவாள். தொட்டில் ஆடும். பிள்ளை அடங்கும்.

நான் போனபோது அந்தக் கயிறு முற்றத்தில் கிடந்தது. தெரியாமல் ஒரு தரம் காலில் தட்டிவிட்டேன். "அக்கா, பாத்து. அதுக்கு வலிக்கும்" என்றாள். கயிற்றுக்கு வலிக்கும் என்று சொல்கிறாளே, காய்ச்சலில் உளறுகிறாள் போல என்று நினைத்தேன். அவளுக்கு அது கயிறு இல்லை, தன் கை.

தாலாட்டுப் பாட நெஞ்சில் மூச்சு இல்லை. பாடினால் இருமல் வரும், இருமினால் ரத்தம் வரும். அதனால் சத்தமே இல்லாமல் இழுத்துக்கொண்டிருப்பாள். பிள்ளையின் முகத்தைப் பார்க்க ஆசை வந்தால் என்னைக் கூப்பிடுவாள். நான் வடிவைத் தூக்கிக்கொண்டு போய் முற்றத்து நடுவில், காற்று எங்களிடமிருந்து அவள் பக்கம் போகிற மாதிரிப் பார்த்து நிற்க வேண்டும். காற்று மாறினால் "போதும், போ" என்பாள். அவள் "போதும்" என்று சொல்லும்போது குரல் எப்படி இருந்தது என்று எனக்கு எழுதத் தெரியவில்லை.

ஒரு தடவை மட்டும் கேட்டாள்: "பல்லு முளைச்சிருச்சாக்கா?"

"ரெண்டு முளைச்சிருக்கு, கீழ."

"கடிக்குதா?"

"மதினியக் கடிக்குது."

சிரித்தாள். சிரித்ததில் இருமல் வந்துவிட்டது. நான் பிள்ளையோடு உள்ளே ஓடிவிட்டேன்.

6

காமாட்சி போன அன்றைக்கு நல்ல உச்சி வெயில். அண்ணனும் மதினியும் நடவு வயலில். நான் அடுப்படியில் களி கிண்டிக்கொண்டிருந்தேன். வடிவு அழ ஆரம்பித்தாள். காமாட்சி இழுப்பாள், அடங்கிவிடும் என்று நான் துடுப்பை விடவில்லை. அழுகை நிற்கவில்லை. ஏறிக்கொண்டே போனது. என்னவோ பட்டது. வெளியே வந்து பார்த்தேன். தொட்டில் ஆடாமல் நேராகத் தொங்கிக்கொண்டிருந்தது. கயிறு தரையில் தொய்ந்து கிடந்தது. அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். தொழுவைப் பார்க்க எனக்குத் தைரியம் வர நேரமாயிற்று.

கயிற்றை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தாள். தூக்கத்தில் கை நழுவினாலும் நழுவட்டும், கயிறு நழுவக் கூடாது என்று நினைத்திருப்பாள்.

முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தாள்: "என் மேல யாரையும் விழுந்து அழுக விடாத." நானும் மதினியும் இரண்டு பக்கமும் நின்றுகொண்டு வந்தவர்களைத் தடுத்தோம். கூடப்பிறந்தவள் மேல் நான் விழவில்லை. யாரும் என் கழுத்தைக் கட்டவும் விடவில்லை. அக்காளும் தங்கச்சியும் ஒரே ரகம் என்று பேசிக்கொண்டே போனார்கள். பாயையும் தலையணையையும் சேலைகளையும் அவள் சொன்னபடியே தொழுவுக்குப் பின்னால் போட்டுக் கொளுத்தினேன்.

எல்லாம் தெரிந்த நீ ஈப்போவில் மட்டும் ஏன் வட்டத்தில் உட்கார்ந்து கட்டி அழுகிறாய் என்று கேட்பீர்கள். அறிவுக்குத் தெரிகிறது. கைகள் கேட்கமாட்டேன் என்கின்றன. அன்றைக்குக் கட்டாத கழுத்தைத்தான் ஒவ்வொரு துட்டி வீட்டிலும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

7

"இங்கன வச்சிருந்தா யாராச்சும் என் சீலையப் பிள்ளைக்குப் போத்திவிடுவாக, நீ கூட்டிட்டுப் போயிரு" என்று அவள் சொன்னதால்தான் வடிவு இங்கே வந்தாள். கப்பலில் பிள்ளை தூங்கவே இல்லை. மேல்தட்டில் தொட்டில் கட்டி அருகில் உட்கார்ந்து கையால் ஆட்டினேன். அழுதாள். மடியில் போட்டேன், இன்னும் அழுதாள். ஒரு மலையாளத்து அம்மா வந்து மந்திரித்தாள், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் என்ன தோன்றியதோ, ஒரு கயிறு கேட்டு வாங்கித் தொட்டிலில் கட்டி, ஜனங்களைத் தாண்டித் தள்ளிப் போய் உட்கார்ந்து இழுத்தேன். மெதுவாக விட்டேன். அடங்கிவிட்டாள். பிள்ளையை விட்டு இவ்வளவு தூரத்தில் உட்கார்ந்து இழுக்கிறாளே, பைத்தியமா என்று எல்லாரும் பார்த்தார்கள். எனக்கு அழக்கூட வெட்கமாக இருந்தது.

பினாங்கு பக்கத்துத் தீவில் இறக்கி, ஒட்டுச் சீக்கு இருக்கிறதா என்று பார்த்து விடுகிற கொரண்டைனில் போட்டார்கள். கப்பல் தட்டிலேயே படுத்து வருகிற பயணிகளுக்கெல்லாம் அது உண்டு. துணிமணியை ஆவி பிடிக்கக் கொண்டுபோய்விட்டு, எங்களை வரிசையில் நிறுத்தினார்கள். பேர் என்ன, ஊர் என்ன. காமயகவுண்டன்பட்டி என்றதும் அந்தக் கிராணி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "வேற சின்ன ஊர் எதுவும் இல்லியாம்மா?" என்றார். கம்பம் என்று போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். பெற்ற தாய் எங்கே என்றார். எலும்புருக்கியில் போய்விட்டாள் என்றேன். அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு டாக்டரைக் கூப்பிட்டார். திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று எனக்கு உயிரே இல்லை.

டாக்டர் வெள்ளைக்காரர். பிள்ளையின் நெஞ்சிலும் முதுகிலும் விரலால் தட்டித் தட்டிப் பார்த்தார், குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். வடிவு அவர் மூக்குக் கண்ணாடியைப் பிடித்து இழுத்தாள். அவர் கிராணியிடம் ஏதோ கேட்டார். கிராணி எனக்குச் சொன்னார்: "நெஞ்சு சுத்தமா இருக்காம். தாய் கூடப் படுத்த பிள்ளை இப்பிடி இருக்காதே, யாரு பாத்துக்கிட்டாங்கன்னு கேக்கிறாரு."

"அவ தாய்தான் பாத்துக்கிட்டா" என்றேன்.

அந்தத் தீவில், முன்பின் தெரியாத அந்த மனிதர் முன்னால், காமாட்சி ஜெயித்துவிட்டாள். அதைப் பார்க்க அவள் இல்லை. ஊரில் இருந்தவர்களுக்கும் தெரியவில்லை. அதனால்தான் இதை இத்தனை நீளமாக எழுதுகிறேன். நீங்கள் துப்புவதை நிறுத்தினாலும் சரி, ஜன்னல் சாக்கை எடுத்தாலும் சரி, எதுவும் செய்யாமல் போனாலும் சரி. அவளைக் கல்நெஞ்சுக்காரி என்று மட்டும் இனிமேல் சொல்லாதீர்கள். என் மகள் கேட்டுவிட்டாள்.

8

ஜோடு காய்ந்தது. வடிவு கை கழுவிக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். இதுவரை எழுதியதையெல்லாம் சொன்னேன். மாஜிக் லாந்தர், இலை, தொழு, கயிறு. "உன்னத் தூக்கினதே இல்லியான்னு கேட்டியே. தூக்குனாத்தா. ரெண்டு மாசம் தூக்குனா. அதுக்கப்புறம் நீ உசுரோட இருக்கணும்னு தூக்கல" என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"அந்தக் கயிறு எங்கம்மா இருக்கு?" என்றாள்.

இந்தக் கேள்வி வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்த்திருந்தால் கயிற்றைப் பற்றிச் சொல்லாமலே விட்டிருப்பேனோ என்னவோ.

"எரிச்சிட்டேன்த்தா."

"கயித்தையுமா?"

"அவ கையில இருந்ததுல்ல. அவ தொட்டது எதையும் உன் பக்கத்துல வைக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தா. கயிறுன்னு பேரு சொல்லியே சொன்னா."

வடிவு தலையாட்டினாள். பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி, "சரிதான், எரிக்கத்தான் வேணும்" என்றாள். எழுந்து உள்ளே போய்விட்டாள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. நான் ஜோடுகளை எடுத்து உள்ளே வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய் அரிசி களைய உட்கார்ந்தேன். அரிசி எது, கல் எது என்று கண்ணுக்குத் தெரியவில்லை.

பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. வடிவு குனிந்து என் முதுகோடு சேர்த்து இரண்டு கையாலும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். துட்டி வீட்டில் ஒருவரையும் கட்டாத பிள்ளை, விலா நோகக் கட்டினாள். அவள் அழுவது என் முதுகில் தெரிந்தது. முகத்தைப் பார்க்கலாம் என்று கழுத்தைத் திருப்பினேன். அதற்குள் அவள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னாள்:

"திரும்பாதம்மா. எனக்குச் சளி இருக்கு."